விழுங்கிய பெயர்

எலோடி கணவனுக்கு டை கட்டிவிட்டாள். அது ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. இத்தனை வருஷமும் ஆக்டேவ் தானே கட்டிக்கொண்டவன். அவிழ்த்து மறுபடி கட்டினாள். அவன் உணர்ச்சியில்லாத வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, அட்டையில் ஒட்டிய அந்தத் தாளை இடது கையில் பிடித்திருந்தான். அமெரிக்காவில் கறுப்பின அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த பழைய விடுதலைப் பிரகடனம். புத்தாண்டுக் காலையில் அதைத் தேவாலயச் சபையில் வாசிப்பது அவன் பொறுப்பு. அவனுக்கு முன்னால் அவன் அப்பா வாசித்தார். மகனைப் புதைத்த வாரம் பக்கவாதம் வந்து ஆக்டேவின் பேச்சைக் கொண்டுபோய்விட்டது. 'ஆமா', 'இல்ல' இரண்டும் வரும். கோபம் வந்தால் ஒரு கெட்ட வார்த்தை வரும், அது மட்டும் சுத்தமாக.

"இந்த வருஷம் பாஸ்டரே வாசிக்கட்டுமே, ஆக்டேவ்."

"இல்ல."

"அத்தன பேருக்கு முன்னாடி நீ நின்னு தவிக்கறத நான் எப்படிப் பாக்கறது? புள்ளையப் பறிகொடுத்தது போதாதா எனக்கு?"

"இல்ல."

"சரி, அப்ப நானும் பக்கத்துல நிக்கறேன். உனக்கு வரலன்னா நான் வாசிப்பேன். சம்மதமா?"

அவன் தாளின் ஓர் ஓரத்தை அவள் பக்கம் நீட்டி, "ஆமா" என்றான்.

பிரகடனத்தில் ஓர் இடம் உண்டு. லூசியானா மாநிலத்தில் எந்தெந்த மாவட்டங்களுக்கு இந்த விடுதலை பொருந்தாது என்று வரிசையாகப் பெயர் சொல்லும் இடம். உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் படை முன்பே பிடித்துவிட்ட பகுதிகள் அவை. அந்த வரிசையில் இவர்களுடைய மாவட்டமும் இருந்தது. மற்ற இடங்களில் விடுதலை என்று அறிவித்த அன்றும் இவர்களுடைய முன்னோர் அடிமைகளாகவே கரும்புக்காட்டுக்குப் போனார்கள். அதனால் இந்தச் சபையில் அந்தப் பெயர் வரும்போது வாசிப்பவர் வாயை மூடிக்கொள்வார். ஒரு மூச்சு நேரம் யாரும் இருமக்கூட மாட்டார்கள். பிறகு அடுத்த வரியை அவசரமாகத் தாண்டிவிடுவார். கடையிலும் பஸ்ஸிலும் ஆயிரம் தடவை சொல்கிற பெயர்தான், இந்த வாசிப்பில் மட்டும் அதற்கு இடமில்லை. கிட்டத்தட்ட நூறு வருஷ வழக்கம். அதை மதித்து இந்தக் கதையிலும் அந்தப் பெயர் வராது.

போன புத்தாண்டுச் சாப்பாட்டின்போது மகன் நோலன்தான் அதைக் கிளறினான்.

"அப்பா, நம்ம பேர மட்டும் ஏன் முழுங்கறீங்க? நம்மள விட்டுட்டாங்கன்னு உரக்கச் சொன்னாத்தானே கேக்கறவனுக்கு உறைக்கும்?"

"எங்கப்பா முழுங்கினாரு, நானும் முழுங்கறேன். நீ தட்டுல இருக்கற காராமணிய முழுங்கு."

எல்லோரும் சிரித்தார்கள், நோலனும்தான். இலையுதிர் காலத்தில் அவன் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கோர்ட்டுக்குப் போனான். கறுப்பர்களைத் தடுக்கவே வைத்திருந்த பரீட்சையாக, அரசியல் சட்டத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். விளக்கினான். போதாது என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனான். அன்று வீடு திரும்பவில்லை. கரும்புக்காட்டு வாய்க்காலில் கிடந்தான். கால் தவறி விழுந்திருக்கிறான் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அந்த வாய்க்காலில் முழங்காலளவு தண்ணீர்கூடக் கிடையாது. எலோடி அதைத் தன் கண்ணால் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

தேவாலய வாசலில் மேபல் நின்றிருந்தாள். சபைச் சமையலெல்லாம் அவள் பொறுப்பு, வாயும் காரம்தான்.

"மெதுவாவே வா, ஆக்டேவ். வாய் நல்லா இருந்தப்பவே நீ வாசிச்சு முடிக்கறதுக்குள்ள என் சோறு ஆறிப்போகும். இன்னிக்கு ராத்திரிச் சாப்பாடுன்னே சொல்லிட்டேன்."

ஆக்டேவுக்குப் பாதி முகத்தில் சிரிப்பு வந்தது. எலோடிக்கு மேபலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது.

பாஸ்டர் கூப்பிட்டதும் அவன் காலை இழுத்துக்கொண்டு மேடைக்குப் போனான், எலோடியும் பக்கத்தில் போய் நின்றாள். தாளை மேடை மேசையில் வைத்துப் பார்த்தான். உதடு அசைந்தது. வந்தது ஒரே ஒரு சொல்.

"ஆமா."

நெற்றி நரம்பு புடைக்க மறுபடி முயன்றான். "ஆமா."

எலோடிக்கு உயிரே போய்விட்டது. இதற்குத்தானே பயந்தாள். ஆனால் பின்வரிசையிலிருந்து மேபலின் குரல் வந்தது: "ஆமா, பிரதர்!" அதைப் பிடித்துக்கொண்டு சபை முழுக்க, "ஆமா! ஆமா!" என்றது, அவன் வாசித்துக்கொண்டிருக்கிறான் என்பதுபோல. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் எலோடி தாளைத் தன் பக்கம் சாய்த்து வாசிக்க ஆரம்பித்தாள்.

வருஷா வருஷம் கேட்டது என்பதால் நாக்கு தானாகப் போயிற்று. மாவட்டங்களின் வரிசை வந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனவள், வழக்கப்படி அந்த இடத்தில் நிறுத்தினாள். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அந்த அமைதியில் ஆக்டேவ் அந்த மாவட்டத்தின் பெயரைச் சொன்னான்.

குழறல் இல்லை, திக்கல் இல்லை. பழைய ஆக்டேவின் குரல். பாஸ்டர் தலை நிமிர்ந்தார். எலோடி திரும்பிப் பார்த்தாள். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. இடது கை விரலை அடுத்த வரியின் மேல் வைத்து அழுத்தினான். வாசி என்கிறான்.

"இந்தப் பகுதிகள்," என்று எலோடி வாசித்தாள், "தற்போதைக்கு, இந்தப் பிரகடனமே வெளியிடப்படாததுபோல..."

அவசரமாகத் தாண்டிப் பழகிய வரி. இன்றுதான் அவள் காதில் விழுந்தது. ஈரச் சட்டையோடு நோலனைக் கொண்டுவந்து கிடத்திய சமையலறை மேசை கண்முன் வந்தது. அதற்கு மேல் ஒரு சொல்கூட வாசிக்க முடியவில்லை.

யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் ஆமா சொல்லவில்லை. பின்கட்டில் காராமணிப் பானையின் மூடி மட்டும் தடதடத்துக்கொண்டிருந்தது, மேபல் அதை இறக்கப் போகவில்லை. ஆக்டேவின் விரல் அந்த வரியிலேயே இருந்தது. இருட்டப்போகும் நேரத்தில் வாசலில் நின்று பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல, அவன் அந்தப் பெயரை மறுபடியும், இன்னும் உரக்கச் சொன்னான்.