வெளியாள் படம்

மருந்துக்கடையில் காலை நேரக் கூட்டம். வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை மட்டும் சீட்டை நீட்டாமல் நின்றார்.

"சர்க்கரை மாத்திரைதானேம்மா?" என்று கேட்டபடி விற்பனையாளர் அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"வேற யாராச்சும் எடுத்துக் குடுக்கட்டும். பெத்த அப்பாவ வெளிய தள்ளின கையால மாத்திரை வாங்க எனக்கு மனசு வரல."

விற்பனையாளர் பதினாறு வருடமாக அந்தக் கடையில் நிற்பவர். ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார் என்ற பேச்சுக்கு இடம் வைத்ததில்லை. திகைத்து நின்றவரிடம் ஆசிரியை கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். ஒரு முதியோர் இல்லத்தின் இணையதளம். மர பெஞ்சில் கண்மூடிச் சாய்ந்திருக்கும் பெரியவர். சட்டை தோளில் கிழிந்திருந்தது. கீழே கொட்டை எழுத்தில், ‘பெற்ற பிள்ளை கைவிட்டார். நீங்களும் கைவிடலாமா?’

படத்தில் இருந்தவர் விற்பனையாளருடைய அப்பா. தச்சு வேலை செய்பவர். அன்று காலைகூட மருமகள் கொடுத்த தேநீரில் சூடு போதாது என்று குறை சொல்லிக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பியவர்.

"எங்கப்பா எங்க வீட்லதாம்மா இருக்காரு."

"அப்ப இதுல இருக்கறது யாரு?"

விற்பனையாளர் அந்தப் பக்கத்தைத் தன் கைப்பேசியில் சேமித்துக்கொண்டார்.

சாயங்காலம் தச்சர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகன் கேட்டுவிட்டார். "அப்பா, அந்த இல்லத்துக்கு வேலைக்குப் போனப்ப எங்களப் பத்தி ஏதாச்சும் குறையாச் சொன்னீங்களா?"

"என்ன சொல்லணும்?"

சமையலறைக் கதவோரம் நின்ற மருமகள் முன்னால் வந்தார். "சட்டை கிழிஞ்சிருக்குன்னு சொல்லியிருந்தா தைச்சுக் குடுத்திருப்பேனே மாமா. இப்ப எல்லாரும் என்னையத்தான பேசுவாங்க."

"அது வேலைக்குப் போடுற சட்டைம்மா. மரம் இழைக்க மாப்பிள்ளை மாதிரியா போக முடியும்?"

யாரும் சிரிக்கவில்லை. மகன் கைப்பேசியை நீட்டினார். பார்த்ததும் தச்சரின் முகம் இறுகியது. வீட்டு விஷயத்தை வாசற்படி தாண்டிப் பேசியறியாதவர் அவர். படத்தைவிட, சொந்த மகன் தன்னைச் சந்தேகித்துக் கேட்ட கேள்விதான் அவரை அதிகம் சுட்டது.

"நாளைக்கு லீவு போடு. ரெண்டு பேருமாப் போறோம்" என்றார்.

மறுநாள் இல்லத்தின் அலுவலக அறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் இல்லத்தை நடத்துபவர். முன்பு நர்ஸாக இருந்ததால் எல்லாருக்கும் அவர் சிஸ்டர். மற்றவர் கடிதங்களையும் இணையதளத்தையும் கவனிக்கும் எழுத்தர்.

எழுத்தருக்கு முதலில் விஷயமே புரியவில்லை. "உங்க பேரே போடலையே மேஸ்திரி."

"பேரு தெரியாதவங்களுக்கும் என் மூஞ்சி தெரியும்மா. நாப்பது வருஷமா வீடு வீடாக் கதவு மாட்டியிருக்கேன்."

சிஸ்டர் எழுத்தரைப் பார்த்தார். "இல்லத்துல இருக்கறவங்க படத்தப் போடக் கூடாதுன்னு நமக்கு விதி இருக்கே?"

"அதனாலதான் சிஸ்டர் வெளியாள் படத்தப் போட்டேன்."

விதியை மீறாமல் கவனமாகச் செய்ததாகவே அவர் உண்மையில் நம்பியிருந்தார். சிஸ்டர் கேட்டதும் முழுப் படத்தைக் கணினியில் திறந்து காட்டினார். ஆடிய கட்டில்களைச் சரிசெய்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் தச்சர் சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் எடுத்தது. பெஞ்சின் ஓரத்தில் கருவிப்பெட்டி, ரம்பம், இழைப்புளி. சுவரில் கழற்றிச் சாய்த்த கட்டில் சட்டம். அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி நீக்கியதும், உழைத்துக் களைத்தவர் கைவிடப்பட்டவராகிவிட்டார்.

மகன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பா, நேத்து நான் கேட்டது..."

"வீட்ல பேசிக்கலாம்."

எழுத்தர் மெல்லச் சொன்னார். "இந்தப் படம் வந்தப்புறம் உதவறோம்னு நெறையப் பேர் கூப்பிட்டாங்க. நல்லதுக்குத்தானே செஞ்சோம்."

"உங்க நல்லதுக்கு என் பையன ஏம்மா கெட்டவனாக்குனீங்க?"

சிஸ்டர்தான் பேசினார். "மன்னிச்சுக்குங்க மேஸ்திரி. இப்பவே எடுத்துடறோம்."

"எடுத்தா ஆச்சா? பாத்தவங்க மனசுல இருந்து யாரு எடுக்கறது? எங்க போட்டீங்களோ அங்கயே நடந்தத எழுதுங்க."

தட்டச்சுப் பலகையில் கை வைத்த எழுத்தர் நிறுத்தினார். "உங்க படத்தையும் சேத்துப் போடலாமா மேஸ்திரி? உங்களுக்குச் சம்மதமா?"

"இத அன்னிக்கே கேட்டிருக்கணும்" என்றார் தச்சர். பிறகு, "தூங்குற படம் வேண்டாம். மேல ஒரு கட்டில் பாக்கி நிக்குது. வேலை பாக்கும்போது எடுங்க."

மாலைக்குள் பக்கம் மாறியது. ‘இவர் எங்கள் கட்டில்களைச் சீர்செய்யும் தச்சர். மகன், மருமகளோடு வாழ்கிறார். கேட்காமல் இவர் படத்தை எடுத்து, பொய்யான வாசகத்தோடு வெளியிட்டது எங்கள் தவறு.’ மறுநாள் கடையில் ஆசிரியை அதை இருமுறை படித்துவிட்டு, "அவசரப்பட்டுட்டேன் தம்பி" என்று மருந்துச் சீட்டை நீட்டினார்.

அந்த வாரம் முழுக்க எழுத்தர் இணையதளத்தின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாத்திரம் கழுவும் சமையல்கார அம்மா, ரத்தம் எடுக்க வந்த டெக்னீஷியன், பெரியவர்களைப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள். ஒருவரிடமும் கேட்டதாக நினைவில்லை. எல்லாவற்றையும் எடுத்தார்.

"என்னம்மா, பக்கமெல்லாம் மொட்டையாக் கெடக்கு?" என்றார் சிஸ்டர்.

"கேட்டுட்டுப் போடறேன் சிஸ்டர். பிள்ளைங்க படம்னா அவங்க அப்பா அம்மாகிட்ட கேக்கறேன். யாரும் சம்மதிக்கலன்னா கட்டடத்தப் போட்டுக்கலாம். நம்ம கேமராவுல விழுந்துட்டா ஒருத்தர் முகம் நமக்குச் சொந்தமாயிடாது. ஒவ்வொரு முகத்துக்குப் பின்னாடியும் ஒரு குடும்பம் இருக்கு. அவங்க சம்மதமும் உண்மையும் இல்லாம நாம போடுற ஒரு படம், அந்தக் குடும்பத்து மானத்தையே வாங்கிடும்."