போன வருஷத்து நிலா

2019 ஏப்ரல் 15, திங்கட்கிழமை. தென் பிரான்சில், த்ரோம் மலைகளுக்கு நடுவே உள்ள மேட்டு நிலத்தில், ஒதீலின் பண்ணையில் நாலாயிரம் லாவெண்டர் நாற்றுகள் நடப்படாமல் கிடந்தன.

கட்டுக்கு நூறாக நாற்பது கட்டுகள். கொட்டகைக்குப் பின்னால் பள்ளம் தோண்டி, வேரை மண்ணில் மூடி, மேலே ஈரச் சாக்கு போட்டு இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. வடக்கிலிருந்து மூன்று நாளாகக் காற்று நிற்கவில்லை. விடியலில் நனைத்த சாக்கு பத்து மணிக்குள் அப்பளமாகிவிடும். ஒதீல் ஒரு கட்டை உருவிப் பார்த்தாள். வேர் நுனிகள் பழுப்பேறியிருந்தன. ஒடித்துப் பார்க்க மனம் வராமல் திரும்பச் செருகினாள்.

மேல் வயலில் பூச்சி பரப்பிய நோயில் பாதிச் செடிகள் பட்டுப்போயிருந்தன. அதற்கு ஈடாக வாங்கியவை இவை. நாற்றுப் பண்ணையில் இந்த ஆண்டு வேறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இவையும் காய்ந்தால் வயலை விட்டுவிடுவது என்று அவள் தனக்குள் முடிவு செய்திருந்தாள். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அறுபத்தொரு வயதில் இன்னொரு வசந்தத்தை இப்படித் தள்ள அவளுக்குத் தெம்பில்லை.

நட விடாதவன் அண்ணன் ஃபிர்மேன்தான். கொட்டகைக் கதவின் பின்னால், நிலாவின் ஓட்டத்தை வைத்து எந்தப் பயிரை என்று நடுவது என்று சொல்லும் நிலாக் காலண்டர் தொங்கியது. வேர் நாளுக்குப் பழுப்பு, இலை நாளுக்குப் பச்சை, பூ நாளுக்கு மஞ்சள், பழ நாளுக்குச் சிவப்பு. லாவெண்டர் பூப்பயிர், மஞ்சள் நாளில்தான் மண்ணில் இறங்க வேண்டும். முப்பது வருடமாக அப்படித்தான். டிசம்பரில் இதய அறுவை முடிந்து வந்த பிறகு, அவன் அதன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தபடி தேதி சொன்னான், அவள் செய்தாள். நாற்று வந்தபின் வந்த மஞ்சள் நாட்களில் மண் உறைபனியில் இறுகிக் கிடந்தது. அடுத்த மஞ்சள் நாள் இருபத்தொன்று.

ஒன்பது மணிக்கு ஒனோரே ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். எழுபதைத் தாண்டிய மேய்ப்பர். வருடா வருடம் இந்தச் சமயத்தில் அவர் ஆடுகள்தான் வரிசைகளுக்கு இடையே களை எடுக்கும். டேன்டிலியனையும் காட்டுப் பயறையும் வேரோடு ஒட்ட மேய்ந்துவிட்டு, லாவெண்டரை முகர்ந்து பார்த்து ஒதுங்கிவிடும். வரப்பில் ஊதாவாகப் பூத்திருந்த காட்டுத் தைம் மூலிகையையும் தொடாது.

"என்னம்மா, உங்க நிலா இன்னும் எந்திரிக்கலையா?" என்றார், சாக்குகளைக் கம்பால் தட்டி.

"கிண்டல் பண்ணாதீங்க பெரியவரே. இருபத்தொண்ணாம் தேதி நடுறோம். வந்து டிராக்டர் ஓட்டுங்க, நான் பின்னால உக்காந்து நாத்து விடுறேன்."

"இருபத்தொண்ணா? அன்னிக்கு ஈஸ்டர்ம்மா. எல்லாரும் என் ஆட்டைத் தின்னுட்டிருப்பாங்க, நான் உன் வயல்ல புழுதி தின்னணுமா?"

"ஈஸ்டரா?"

"ஞாயித்துக்கிழமை. எட்டுக் குட்டிக்குச் சொல்லி வச்சிருக்காங்க, எனக்குத் தெரியாதா?"

ஒதீல் கொட்டகைக்குள் போனாள். காலண்டரில் இருபத்தொன்று சனிக்கிழமை. ஈஸ்டர் ஏப்ரல் ஒன்றில் அச்சாகியிருந்தது. அட்டையைப் புரட்டினாள். 2018.

புதிய காலண்டர் சமையலறையில், ஆஸ்பத்திரிக் காகிதங்களுக்கு அடியில், பிரிக்காத உறையில் இருந்தது. நின்றபடியே பிரித்தாள். இந்த ஏப்ரலில் மஞ்சள் நாட்கள் பதினொன்றும் பன்னிரண்டும். போய்விட்டன. ஈஸ்டரை ஒட்டிய நாட்களைக் கருப்புக் கோடு போட்டு அடித்திருந்தார்கள், அப்போது எதுவும் செய்யக்கூடாது. அதற்கடுத்த மஞ்சள் இருபத்தொன்பது.

மார்ச்சில், பழைய காலண்டர் சொன்ன நாளில், மாட்டுக் கொம்பில் சாணி அடைத்துப் புதைத்து எடுத்த உரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கியது நினைவுக்கு வந்தது. வலப்புறம் சுழி விழும்வரை, பிறகு இடப்புறம், மறுபடி வலப்புறம். தோள் இன்னும் வலித்தது. அவ்வளவும் போன வருஷத்து நிலாவுக்கு.

ஃபிர்மேன் ஜன்னலோரம் போர்வையோடு இருந்தான். இரண்டு காலண்டர்களையும் அவன் மடியில் வைத்தாள்.

"என்னடி இது?"

"கண்ணாடியைப் போட்டுப் பாரு."

பார்த்தான். அட்டையைப் புரட்டி வருஷத்தைப் பார்த்தான். "கலரைத்தான் பாத்தேன்," என்றான். "எழுத்தைப் பாக்கல."

"நானும்தான் பாக்கல. தினம் கதவைத் திறந்து மூடுறேன்."

"பன்னெண்டாம் தேதி என்ன பண்ணிட்டிருந்தோம்?"

"இன்னிக்கு நடக்கூடாதுன்னு நீ சொன்னே. நான் காஞ்சொறி அறுத்துட்டிருந்தேன்."

அவன் விரல் இருபத்தொன்பதில் போய் நின்றது. "இன்னும் ரெண்டு வாரம் தண்ணி தெளிச்சு வை."

"தாங்காதுண்ணே. வேர் நுனி கருகுது. நானும் தாங்க மாட்டேன். இதுவும் போச்சுன்னா மேல் வயலை விட்டுடலாம்னு இருக்கேன். இப்பச் சொல்லிட்டேன்."

வெளியே ஆடுகளின் மணிச் சத்தம் கேட்டது. ஃபிர்மேன் கண்ணாடியைக் கழற்றினான்.

"இன்னிக்கு என்ன நாள்?"

"பழம்."

வாசலில் காத்திருந்த ஒனோரே உள்ளே தலையை நீட்டினார். "அப்ப லாவெண்டர்ல இனிமே ஆப்பிள் பறிக்கலாம்னு சொல்லுங்க."

"நீ வாயை மூடு," என்றான் ஃபிர்மேன், ஆனால் எழுந்துகொண்டான். "ஒதீல், பசுஞ்சாணியும் களிமண்ணும் கரைச்சு வை. வேரை அதுல முக்காம ஒண்ணுகூட மண்ணுல இறங்கக் கூடாது. நான் முக்கித் தரேன்."

"நீ பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"நாத்து என்ன எடைடி இருக்கும்?"

ஆடுகளை நாயிடம் விட்டுவிட்டு ஒனோரே டிராக்டரில் ஏறினார். ஒதீல் பின்னால் நடவு இயந்திரத்தின் தகர இருக்கையில் குனிந்து உட்கார்ந்தாள். ஃபிர்மேன் வயல் முனையில் நாற்காலி போட்டு, தொட்டிக் குழம்பில் கட்டுகளை ஒவ்வொன்றாக முக்கி வைத்தான். மதியம் ரொட்டியும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் தின்றார்கள். யாரும் நிலாவைப் பற்றிப் பேசவில்லை. மாலைக்குள் ஒதீலின் இடுப்பு நிமிர மறுத்தது. மிச்சத்தை மறுநாள் நட்டார்கள். இரண்டு கட்டுகள் அடியோடு காய்ந்திருந்ததால் உரக்குழிக்குப் போயின.

ஜூன் முதல் வாரத்தில் ஒதீல் வரிசை வரிசையாக நடந்து எண்ணினாள். நட்ட மூவாயிரத்து எண்ணூறில் நானூற்றுப் பதினாறு பட்டுப்போயிருந்தன. மற்றவை பிடித்துவிட்டன. மேல் வயலை அவர்கள் விடவில்லை. ஃபிர்மேன் பண்ணை நோட்டில் நடவுத் தேதியை எழுதி, பக்கத்தில் 'பழ நாள்' என்று குறித்தான்.