பூந்தெருச் செய்முறை

என் மனைவி பாண்டீஸ்வரி அடுத்த வீட்டில் ஒரு கிண்ணம் குழம்பு வாங்கினால், அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டாள். வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பாள். "வெறுசாக் கொடுத்தா கிண்ணம் கோவிச்சுக்கிடுமாடி?" என்று கேலி செய்வேன். "உங்களுக்கென்ன தெரியும், பேசாம இருங்க" என்பாள். இந்தக் குணம்தான் பின்னால் அவளைப் படுத்தி எடுத்தது.

நாங்கள் இருப்பது திருநகர். எனக்குக் காளவாசலில் கார் ஏசி மெக்கானிக் கடை. வருமானத்துக்குக் குறைவில்லை. பிள்ளைதான் இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் காதுகுத்து இல்லை, சடங்கு இல்லை, கல்யாணம் இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள் வீட்டில் இதெல்லாம் மாதத்துக்கு ஒன்றாவது வரும். எங்கள் பக்கம் செய்முறை என்றால் சும்மா மொய் எழுதிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவது இல்லை. ஒருவர் நமக்குச் செய்திருந்தால், அதற்கு மேல் கொஞ்சம் கூட்டித்தான் நாம் செய்ய வேண்டும். குறைத்தால் மைக்கில் பேர் வாசிக்கும்போதே மண்டபத்துக்கே தெரிந்துவிடும். நாங்கள் செய்துகொண்டே இருந்தோம். எங்களுக்குச் செய்ய யாருக்கும் ஒரு வாய்ப்பு வரவில்லை.

பணம் போனதே என்று பாண்டீஸ்வரி ஒருநாளும் புலம்பியதில்லை. அவள் ஆசை வேறு. தனக்கென்று ஒருத்தி ஒரு பொருளை வாங்கிக்கொண்டு தன் வாசலில் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. வளைகாப்பு வீடுகளில் மற்ற பெண்கள் முன்னால் போய் வளையல் போடும்போது, இவள் அடுப்படியில் பாத்திரத்தை எடுத்து வைப்பதைப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

அந்த விளையாட்டு அவள் போனில் விளம்பரமாக வந்தது. பெயர் பூந்தெரு. இலவசம். ஒரு தெருவில் பத்து வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆள். வாசலில் கோலம் போட வேண்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நேரத்துக்கு ஊற்றாவிட்டால் செடி வாடிப்போகும். வாடுகிறது, வாடுகிறது என்று போன் கூவும். "நெசச் செடிக்கு ஒருநாளும் தண்ணி ஊத்தாதவ" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

சேர்ந்த அன்றே ஒரு சேதி வந்தது. 'முத்துமீனா உங்களுக்கு ஒரு மல்லிகைச்செடி அனுப்பியிருக்கிறார்.' அதன் கீழே ஒரு பச்சைப் பட்டன்: 'பதிலுக்குச் செய்யுங்கள்.' பாண்டீஸ்வரி போனை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். "யாருன்னே தெரியலைங்க. எனக்குப் போய் அனுப்பியிருக்கு பாருங்க" என்றாள். அந்த முகத்தை எனக்கு இப்போதும் மறக்க முடியவில்லை.

பதிலுக்குச் செய்ய முத்து வேண்டும். முத்து என்றால் அங்கே காசு. ரூபாயைக் கொடுத்து முத்தாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிய பிறகு அது பணம் என்ற நினைப்பே வராது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முத்து மிச்சம் நிற்கும், அந்த மிச்சத்தை வைத்து எதையும் வாங்க முடியாது. அதை வீணாக்க மனசில்லாமல் இன்னும் கொஞ்சம் வாங்குவாள். யாராவது நமக்கு அனுப்பி, நாம் இன்னும் திருப்பி அனுப்பவில்லை என்றால், நம் பேருக்குப் பக்கத்தில் ஒரு வாடிய பூ நிற்கும். தெருவில் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். இதைச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ, நாசமாய்ப் போக, எங்கள் சனத்தைக் கூட இருந்து பார்த்தவன் போலத்தான் செய்திருக்கிறான்.

நான் எடுத்துச் சொல்லாமல் இல்லை. "இன்னைக்கு ஒருநாள் மட்டும்னு காளவாசல் ஜவுளிக்கடையில வருசம் பூரா போர்டு தொங்குது. இதுவும் அதேதான்" என்றேன். "அது எனக்குத் தெரியாதா? அவன் ஏமாத்துறது அவன் தொழிலு. ஆனா மீனா எனக்குச் செஞ்சிருக்காள்ல. அது பொய்யில்லையே" என்றாள்.

இரண்டு பேரும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். முத்துமீனா ஒத்தக்கடைக்காரி. வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைக்கிறவள். இரண்டு பெண் பிள்ளைகள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பேச்சு ஆரம்பிக்கும். நான் நேரம் கழித்துச் சாப்பிட வந்தால் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே ஒரு காதில் போனை வைத்திருப்பாள். விழுந்து விழுந்து சிரிப்பாள். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு அது. அதற்காகவே எம்புட்டுச் செலவானாலும் ஆகட்டும் என்று இருந்தேன். வீடியோவில் வரச் சொன்னால் மட்டும் அந்தப் பெண் "கேமரா சரியில்லக்கா" என்று தட்டிக் கழித்துவிடுமாம்.

அவள் ஒரு கிளிக்கூண்டு அனுப்பினால் இவள் ஒரு கிணறு அனுப்பினாள். அவள் மாட்டுவண்டி அனுப்பினால் இவள் தீபாவளிக்குத் தங்க ஊஞ்சலே அனுப்பினாள். ஊஞ்சலுக்குப் பதில் வர ஒரு வாரம் ஆனது. வந்தது பெரிய மயில்தேர். பாண்டீஸ்வரி அதை எங்கள் தெருவில் இருக்கிறவர்களிடமெல்லாம் காட்டினாள். "என் தங்கச்சி செஞ்சது" என்றாள்.

இந்த வருஷம் மாடியில் இரண்டு ரூம் கட்டினோம். பாண்டீஸ்வரியின் சித்தப்பா அழகுபாண்டி வந்து பார்த்துவிட்டு, "பேசாம ஒரு வசந்த விழா வச்சிரு மாப்ள. ஊருக்கெல்லாம் செஞ்சிருக்கீங்க, எப்பத்தான் திருப்பி வாங்குறது?" என்றார். விசேஷம் எதுவும் இல்லாத வீட்டுக்காரர்கள், செய்த செய்முறையைத் திரும்ப வாங்க எங்கள் பக்கம் வைப்பது அந்த விழா. எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பாண்டீஸ்வரி மட்டும் உடனே சரி என்றாள். பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"இத மட்டும் நம்மளே நேர்ல போய் வெத்தலபாக்கு வச்சுக் கொடுக்கணும்" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கிளம்பினோம். பட்டுச்சேலை கட்டி, தட்டு, பழம், பூ எல்லாம் பையில் வைத்துக்கொண்டு, பொண்ணு பார்க்கப் போகிறவள் மாதிரி பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஒத்தக்கடையில் புதிதாகப் பிளாட் போட்ட இடத்துக்குப் பின்னால், ஒரு வரிசை வீடுகளில் கடைசி வீடு. கதவைத் திறந்தவளைப் பார்த்து இவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "யாருங்க?" என்று அவள் கேட்ட குரலை வைத்துத்தான் தெரிந்தது.

"மீனா! நான்தான் புள்ள!"

"அய்யோ அக்கா!" என்று அவள் வந்து கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். நான் செருப்பைக் கழற்றுவது போல் குனிந்துகொண்டேன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

உள்ளே போய் உட்கார்ந்ததும் பாண்டீஸ்வரி தட்டை எடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, மேலே பத்திரிகையை வைத்தாள். முத்துமீனா முகம் மாறியது.

"விசேஷமாக்கா?"

"ஆமா புள்ள. எங்க வீட்டுல மொத விசேஷம். உனக்குத்தான் மொதப் பத்திரிக்கை."

முத்துமீனா இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினாள். தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இதுக்கும் என்னால செய்ய முடியாதுக்கா."

பாண்டீஸ்வரி சிரித்தாள். "உன்னைய யாரு செய்யச் சொன்னா? நீ வந்து நின்னாப் போதாதா எனக்கு?"

"வெறுங்கையோட எப்படிக்கா வருவேன்? நீங்கன்னா வருவீங்களா?"

அப்போதுதான் பாண்டீஸ்வரி முத்துமீனாவின் காதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு காதிலும் வேப்பங்குச்சி.

"தோடு எங்க?"

முத்துமீனா முடியை இழுத்துக் காதை மறைத்தாள்.

"மிஷின் எங்க புள்ள? ஜன்னல் ஓரத்துல போட்டிருக்கேன்னு சொல்லுவியே?"

"தீவாளிக்கு ஊஞ்சல் அனுப்புனீங்கள்லக்கா" என்றாள் முத்துமீனா. "அம்புட்டுப் பெருசுக்கு நான் என்னத்த அனுப்ப? தெருவே பாக்குது. என் பேருக்குப் பக்கத்துல ஒரு வாரமா வாடுன பூவு. தோட அடகு வச்சுத்தான் தேரு அனுப்புனேன். அப்புறம் பொங்கலுக்கு நீங்க அரண்மனை வாசல் அனுப்புனீங்க. அதுக்கு மிஷின். கோவிச்சுக்கிறாதீங்கக்கா. உங்ககூடப் பேசுறதுதான் எனக்கு உசுரு. ஆனா பரிசுன்னு உங்க பேரு போன்ல வந்தாலே போனக் கவுத்துப் போட்டுருவேன்."

பாண்டீஸ்வரி என்னைப் பார்த்தாள்.

"நான் பாசத்துல தானே புள்ள செஞ்சேன்?"

"நானும் பாசத்துலதான்க்கா திருப்பிச் செஞ்சேன்."

"நீயா ஆரம்பிச்சதுதானே? நீ அந்த மல்லியச்செடி அனுப்பாம இருந்திருந்தா எனக்கு உன்னைய யாருன்னே தெரியாதே."

முத்துமீனா நிமிர்ந்தாள். "நான் எங்கக்கா அனுப்புனேன்? நீங்கதான் மொத மொத எனக்குக் குத்துவிளக்கு அனுப்புனீங்க. அதைப் பாத்துட்டுத்தான் நானே காசு போட்டேன்."

"குத்துவிளக்கா? நானா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் போனை எடுத்து, அந்த விளையாட்டை அங்கேயே இறக்கினேன். விளையாட்டில் அவர்கள் தெருவில் ஒரு வீடு காலியாக இருந்தது. அதில் சேர்ந்தேன். டீ ஆறும் நேரம்கூட ஆகியிருக்காது, போன் ஒலித்தது. 'பாண்டீஸ்வரி உங்களுக்கு ஒரு வெண்கலப் பானை அனுப்பியிருக்கிறார். பதிலுக்குச் செய்யுங்கள்.'

பாண்டீஸ்வரியின் போன் அவள் பைக்குள் பழத்துக்கு அடியில் கிடந்தது.

இவள் பேரில் அவளுக்கும், அவள் பேரில் இவளுக்கும் அந்த விளையாட்டே அனுப்பியிருக்கிறது. யாரும் யாருக்கும் முதலில் எதுவும் செய்யவில்லை. நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன். போனைத் திட்டி என்ன ஆகப் போகிறது? பாண்டீஸ்வரி திட்டவில்லை. கையில் இருந்த வளையல் இரண்டையும் கழற்றி முத்துமீனா மடியில் வைத்தாள்.

"இத வச்சு மிஷினத் திருப்பு புள்ள. தோட்டைத் திருப்பு."

முத்துமீனா வளையலைத் தொடாமல் கையைப் பின்னால் கொண்டுபோனாள். "வேணாம்க்கா. சாமி சத்தியமா வேணாம். இதையும் நான் எப்பக்கா திருப்பிச் செய்வேன்?"

"திருப்பிச் செய்ய வேணாம். அந்தச் சனியன அழிச்சிருவோம். நம்ம சும்மா பேசிக்கிட்டு இருப்போம்."

"அழிச்சிரலாம்க்கா. நீங்க செஞ்சது அழியாதுல்ல. இங்கன இருக்கும்ல" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டி அழுதாள்.

பாண்டீஸ்வரி நெடுநேரம் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தட்டிலிருந்து பத்திரிகையை எடுத்தாள். வெற்றிலையை எடுத்தாள். பழத்தையும் பூவையும்கூட எடுத்தாள். எல்லாவற்றையும் பைக்குள் வைத்தாள். எங்கள் பக்கம் கொடுத்த பத்திரிகையைத் திருப்பி வாங்குவது, இனி நீ எனக்கு யாரும் இல்லை என்று சொல்வது. பகை வந்தால்கூட யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டுக்கு இனி ஒரு ரூபாய் செலவு வராமல் இருக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. முத்துமீனாவுக்கும் அது புரிந்தது. அவள் தடுக்கவில்லை.

"நான் உன்னையக் கூப்பிடலை புள்ள. சரியா?" என்றாள் பாண்டீஸ்வரி.

"சரிக்கா."

"போயிட்டு வாரேன்" என்று சொல்லவில்லை. "போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வழியில் வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடி அந்த விளையாட்டையும், முத்துமீனா நம்பரையும் அழித்தாள். அவள் அழுவது என் முதுகுக்குத் தெரிந்தது. எனக்கும் அழுகை வந்தது. வண்டி ஓட்டிக்கொண்டே அழுதேன்.

விழா நன்றாகவே நடந்தது. மைக்கில் பேர் பேராக வாசித்தார்கள். எல்லோரும் கூட்டித்தான் செய்திருந்தார்கள். எத்தனையோ வருஷமாக அவள் எதிர்பார்த்த நாள். அண்டாவும் குடமும் பழத்தட்டுமாகச் சனம் எங்கள் வாசலில் வந்து நின்றது. பாண்டீஸ்வரி பந்தல் முகப்பில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்றாள். ஆனால் அவள் கண் மட்டும் வருகிறவர்களைத் தாண்டி பஸ் நிற்கும் பக்கமே போய்க்கொண்டிருந்தது. பந்தி முடிந்தது. நாற்காலியை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதும் அவள் அங்கேயேதான் நின்றாள்.

நான் போய்க் கையைப் பிடித்தேன். "சாப்பிட வா ஈஸ்வரி. நீதானே அவளக் கூப்பிடலைன்னு சொல்லிட்டு வந்தே?"

"ஆமாங்க. கூப்பிட்டாத்தானே செய்யணும்? கூப்பிடாம வந்தா சும்மா வரலாம்ல. அதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.