குடை பிடித்த ஆமைகள்

படம் பார்க்க வந்தவர்களை நாகஜோதி படம் பார்க்க விடவில்லை. திருப்பூர் வேலம்பாளையத்தில் ஆர்டர் இல்லாமல் பூட்டிக் கிடந்த ஒரு பனியன் நிட்டிங் ஷெட்டைக் கூட்டிக் கழுவி, தூணுக்குத் தூண் கயிறு கட்டி, சுற்றுவட்டாரத்து ஆட்கள் வரைந்தது, தைத்தது, செதுக்கியது எல்லாவற்றையும் மாட்டிக் கண்காட்சி வைத்திருந்தார்கள். நட்டநடுவில் ஒரு கட்டில் விரிப்பு அகலத்துக்குத் தொங்கியது அவள் தைத்த படம். ஞாயிற்றுக்கிழமை காலை. தைத்தவள் பக்கத்தில் நின்று நாலு பேருக்குப் பெருமையாகச் சொல்ல வேண்டியதுதானே முறை? இவளோ படத்துக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டு, சேலையைச் சரிசெய்கிற சாக்கில் முந்தானையை விரித்து விரித்துப் பிடித்தாள். யாராவது கிட்டே வந்தால், அந்தப் பக்கம் மரத்தில் செய்த காளைமாடு இருக்கிறது, அதைப் போய்ப் பாருங்கள் என்று கைகாட்டி அனுப்பினாள். ஒரு பெரியவர் காளையைப் பார்த்துவிட்டு விடாப்பிடியாகத் திரும்பி வந்தார். அவரை மண்பொம்மைப் பக்கம் தள்ளிவிட்டாள்.

படத்தில் குற்றம் ஒன்றும் இல்லை. தினமும் காலையில் பெண்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போகிற கம்பெனி வேன்தான் படம். காடாத் துணியின் மேல், பனியன் கம்பெனியில் மிஞ்சுகிற பிட்டுத் துணிகளை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தாள். மடியில் சோற்றுப்பையோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள் பெண்கள். ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். ஒருத்தி பல்லில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு கொண்டை போடுகிறாள். வண்டி வளைவில் திரும்புவதால் எல்லோருமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறார்கள். ஒருத்திக்கும் கண் மூக்கு கிடையாது. ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் இது நம்ம கோமதி, இது செக்கிங் வசந்தா என்று சொல்லிவிடலாம். பெண்களைச் சுற்றிலும் வேன் முழுக்க இளநீலத் துணி. அதில் விரற்கடை உயரத்தில் மஞ்சள் ஆமைகள், ஒவ்வொரு ஆமையின் கையிலும் ஒரு சிவப்புக் குடை. காலை நேரத்து நெரிசலில் வேன் போகிற வேகத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணி கிடைக்காது என்று தோன்றியபோது, மிஷினை நிறுத்திவிட்டுத் தனியாகச் சிரித்தவள்தான் நாகஜோதி.

இப்போது அந்த ஆமைகள்தான் அவள் உயிரை வாங்கின. கம்பெனி கட்டிங் மாஸ்டர் பொங்கியண்ணன், தலையணைக்கு அடைக்க வேண்டும் என்று அவள் கேட்டதற்காக ஒரு மூட்டை பிட்டுத் துணியைத் தூக்கிக் கொடுத்திருந்தார். திருப்பூரில் இதெல்லாம் ஒரு சங்கதியா? வெளிநாட்டுக் கடையில் அடுத்த வருஷம் தொங்கப்போகிற துணியின் துண்டு, இந்த வருஷமே இங்கே மிதியடியாகிவிடும், பைக் துடைக்கிற துணியாகிவிடும், அடுப்பங்கரையில் கரித்துணியாகிவிடும். சீமைக்காரன் பிள்ளை போடுவதற்கு முன்னால் நம் ஊர் சைக்கிள் கடைக்காரர் அதில் கை துடைத்திருப்பார். டிசைன் போட்ட பிட்டை உள்ளேயே அரைத்துவிட வேண்டும் என்று கம்பெனிக்குக் கம்பெனி சட்டம் இருக்கிறது, போர்டும் மாட்டியிருக்கிறது. அந்தப் போர்டைத் துடைப்பதும் பிட்டுத் துணியால்தான்.

சனிக்கிழமை மதியம் மெர்ச்சண்டைசர் அருள்குமார் தையல் லைனில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திப் பேசினான். சின்ன வயசுப் பையன், வெளிநாட்டு ஆர்டர்களைப் பிடித்து முடித்துக் கொடுக்கிற பொறுப்பு அவனுடையது, அதிர்ந்து பேச மாட்டான். ஆமை டிசைன் குழந்தைகள் நைட் டிரஸ்ஸுக்கு என்றும், அடுத்த கோடைக்குக் கடைக்குப் போகிறவரை வெளியாள் கண்ணில் படக்கூடாது என்றும் சொன்னான். வேறொரு கம்பெனியில் யாரோ செல்போனில் போட்ட ஒரே ஒரு போட்டோவால் மொத்த ஆர்டரும் கைவிட்டுப் போனதைச் சொன்னான். பாதி மிஷின்கள் அப்போதே துணி போர்த்திக் கிடந்தன. வடக்கத்திப் பையன்கள் பலர் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். "இந்த ஆமைதானுங்க இனி நமக்குச் சோறு போடோணும்," என்று முடித்தான். செக்கிங் டேபிளில் நின்றிருந்த நாகஜோதி கையிலிருந்த பீஸை அப்படியே கீழே வைத்தாள். அன்று காலையில்தான் அவள் புருஷன் சந்தனம் தன் லோடு ஆட்டோவில் படத்தை ஏற்றிப்போய் ஷெட்டில் மாட்டிவிட்டு வந்திருந்தான்.

சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் ஓடினாள். கடவுள் புண்ணியத்தில் கரண்ட் போயிருந்தது. இருட்டில் வந்தவர்கள் கொஞ்சம் பேர், அதிலும் யாரும் போட்டோ எடுக்கவில்லை. ஆனால் பெருமாநல்லூரில் பேக்கரி வைத்திருக்கிற டேனியல், செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு அவள் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தார். இதை நீங்களா தைத்தீர்கள் என்று கேட்டார். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பீஸ் முடிந்ததா, ஷிப்ட் வருவாயா, வாடகை எப்போது என்றுதான் அவளைக் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். தன் கடைச் சுவரில் மாட்ட அந்தப் படத்தை அவர் விலை பேசி முடித்து, முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனார். சந்தோஷத்தில் அழவேண்டியவள், ரெண்டும் கெட்டானாக வீட்டுக்கு வந்தாள். பழந்துணியை விற்ற மகராசி என்று சந்தனம் கேலி பண்ணியதுகூடக் காதில் விழவில்லை. டேனியலின் பேக்கரி மெயின்ரோட்டில் இருக்கிறது. கம்பெனிக்கு வருகிற வெளிநாட்டு ஆட்களை அருள்குமார் கூட்டிப்போய்க் காபி வாங்கிக் கொடுக்கிற கடையே அதுதான்.

அதனால்தான் விடிந்ததும் படத்தை எடுத்துப்போய்விட வந்தாள். கண்காட்சியை நடத்துகிற தமிழ்மதி டீச்சர் விடவில்லை. அரசுப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவள், ஒரு மாதமாகத் தெருத் தெருவாக அலைந்து இதைக் கூட்டியிருந்தாள். ஆர்டர் குறைந்ததிலிருந்து இந்தத் தெருவே சோர்ந்துபோயிருந்தது. லைன் வீடுகளில் 'வாடகைக்கு' அட்டை தொங்கியது, முக்கு டீக்கடை மத்தியானத்தோடு சாத்திவிடும். தமிழ்மதி கடை கடையாக ஏறி, நீங்கள் ஆளுக்கொரு பல்பும் கயிறும் கொடுங்கள், நான் கூட்டத்தைக் கொண்டுவருகிறேன் என்று சவால் விட்டிருந்தாள். நேற்று இருட்டிலேயே டீக்கடைக்காரர் இரண்டாவது முறை பால் வாங்கப் போனார். பிரேம் போடுகிறவருக்கு ரொம்ப நாளுக்குப் பிறகு வேலை கிடைத்தது. சேவூரில் இருந்து வந்த பொம்மைக்கார அம்மா கூடையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஆனால் பெரிதாக விற்ற படம் என்றால் இது ஒன்றுதான்.

"வித்த படத்த எடுத்துட்டுப் போறேன்னா எப்பிடிங்க்கா?" என்றாள் தமிழ்மதி. "ஒரு படம் வித்துருச்சுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த வருசம் பத்துப் பேரு கொண்டாருவாங்க. பத்திரிகைக்காரரு வேற மத்தியானம் வர்றாரு. உங்க படத்துக்கு முன்னாலதான் போட்டோன்னு சொல்லி வச்சுட்டேனுங்க."

பத்திரிகை என்றதும் நாகஜோதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் துணி எங்கே கிடைத்தது என்ற கேள்வி வரும், பொங்கியண்ணன் பேர் அடிபடும். ஓய்வெடுக்கிற வயசில் பேத்தி படிப்புக்காக நின்றபடியே துணி வெட்டுகிற கத்தியோட்டுகிற மனுஷன். சொல்லாமல் விட்டால் ஒரு லைனே வீட்டுக்குப் போகும். ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருக்கிறது, சரிபண்ணிக் கொண்டுவருகிறேன் என்று பொய் சொல்லிப் பார்த்தாள். பிரிந்தால்தான் கையால் செய்தது போலத் தெரியும் என்றாள் டீச்சர். படித்தவர்களிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கிறது. தூணுக்கும் படத்துக்கும் நடந்தாள், வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள், திரும்ப ஓடி வந்தாள். ஏன்தான் கொண்டுவந்து மாட்டினேனோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே அந்தத் தூங்குகிற பெண்ணின் கழுத்து வளைவைப் பார்த்ததும், நல்லாத்தான் வந்திருக்கிறது என்று மனசு ஒரு பக்கம் குளிர்ந்து தொலைத்தது.

அப்போதுதான் அருள்குமார் மனைவியோடு உள்ளே வந்தான். நம் கம்பெனி அக்காவுடைய படமே இருக்கிறதாமே, அதைப் பார்க்கத்தான் வந்தோம் என்று சிரித்தான். நாகஜோதி முந்தானையை விரித்தாள். பாவம், கட்டில் விரிப்பு அகலப் படத்தை மறைக்க எத்தனை முழ முந்தானை வேண்டும்? அவள் தோளுக்கு மேலே பார்த்தவன் முகம் வெளுத்தது. முதல் காரியமாகத் திரும்பி, அவனும் அவளுக்குப் பக்கத்தில் படத்தை மறைத்துக்கொண்டு நின்றான். ரெண்டு பேரும் போலீஸ் பந்தோபஸ்து மாதிரி நிற்பதைப் பார்த்து, இங்கே ஏதோ இருக்கிறது என்று கூட்டம் சேர ஆரம்பித்தது.

"இத யாருங்க்கா குடுத்தது?" என்றான் குரலைத் தாழ்த்தி.

"குப்பையில கெடந்துச்சு சார். நானாத்தான் எடுத்தேன். என்னைய வேணும்னா நிறுத்திருங்க."

அவன் நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தமிழ்மதியைப் பக்கத்தில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். கீழே கிடந்த குப்பைக்கெல்லாம் ரகசியமா என்று அவள் கொதித்தாள். கொதிப்பு அடங்கியதும் கணக்கு அவளுக்கும் புரிந்தது. அந்த லைனில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள்தான் அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் நடுக்கயிறு வெறுமனே தொங்கினால் இத்தனை பாடும் வீண், டேனியலுக்கு என்ன பதில் சொல்வது என்றாள். அருள்குமாரோ இந்தத் துணி இந்த வாசலைத் தாண்டி முழுசாகப் போகக்கூடாது என்றான். ரெண்டு பேரும் படத்தைப் பற்றித்தான் பேசினார்கள். தைத்தவளை யாரும் பார்க்கவில்லை.

"வேனை மட்டும் பிரிச்சிருதேன்," என்றாள் நாகஜோதி.

சொல்லிவிட்டு நிற்காமல் கயிற்றை அவிழ்த்தாள். படத்தைக் குப்புறத் தரையில் விரித்தாள். ஆமைகள் அடியில் போய்விட்டன, மேலே வெறும் நூலோட்டம்தான் தெரிந்தது. பையிலிருந்து பிசிர் வெட்டுகிற கட்டரை எடுத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் தையலில் கட்டரை நுழைத்தாள். எந்த இடத்தை எந்த நாள் தைத்தாள் என்று அவள் கைக்குத் தெரியும். பின்சக்கரம் தைத்த வாரம் சந்தனத்துக்குக் காய்ச்சல், முன்கண்ணாடியை மூன்று தரம் தைத்துப் பிரித்தாள். அழுதாள்தான். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, பார்க்காமலே பிரித்தாள். இதுவும் கண்காட்சியில் ஒரு அங்கம் என்று நினைத்த ஜனம் வட்டம் கட்டி நின்று வேடிக்கை பார்த்தது. சிலர் செல்போனில் எடுத்தார்கள். எடுக்கட்டும், நூலைத்தானே எடுக்கிறார்கள் என்று அருள்குமார் விட்டுவிட்டான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொங்கியண்ணன் வந்தார். டீக்கடைக்கு வந்தவர், கையில் இன்னும் கிளாஸ் இருந்தது. குனிந்து துணியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். அருள்குமாரைப் பார்த்தார். கிளாஸைத் தூணோரம் வைத்துவிட்டு, வேட்டியை ஒதுக்கி அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"என்ர கையிலயும் ஒரு கட்டர் குடு கண்ணு," என்றார்.

அருள்குமார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அந்தக் கண்டுகொள்ளாமை நாளைக்கு என்னவாகும் என்று நாகஜோதிக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயம். அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் கைப்பையைத் திறந்து தன் கட்டரை எடுத்தாள். இன்னொருத்தியும் உட்கார்ந்தாள். எந்தக் கம்பெனி, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. தப்பாய்த் தைத்ததைப் பிரிக்க இந்த ஊரில் யாருக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்? கூரை போனது, கதவு போனது, சக்கரங்கள் போயின. உருவிய ஆமைகளை அருள்குமாரின் மனைவி ஒன்றுவிடாமல் தன் ஹேண்ட்பேக்கில் திணித்துக்கொண்டாள். அந்த அம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

டேனியல் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தமிழ்மதி ஒரு முனையும் நாகஜோதி ஒரு முனையுமாகத் துணியைத் தூக்கிப் பிடித்தார்கள். கூட்டத்துக்காக ஷெட்டின் பின்ஷட்டரை யாரோ திறந்துவிட்டிருந்தார்கள், பத்து மணி வெயில் முகத்தில் அடித்தது. வேன் இல்லை. சோற்றுப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் மட்டும் வெறும் காடாத் துணியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டேனியல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்.

"இவங்கெல்லாம் எதுலங்க உக்காந்திருக்காங்க?" என்று கேட்டார்.

பிடிக்கவில்லையா, வேண்டாம் என்கிறாரா, அவர் குரலில் இருந்து ஒன்றும் தெரியவில்லை. நாகஜோதி துணியை நிமிர்ந்து பார்த்தாள். பிரித்த இடமெல்லாம் ஊசி ஓட்டைகள். கம்பெனியில் ஒரு பீஸில் இப்படித் தெரிந்தால் அவளே அதைத் தூக்கிக் கழிவில் போட்டுவிடுவாள். பின்னாலிருந்து அடித்த வெயில் அந்த ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் நுழைந்து, கூரை வளைவில் ஓடி, ஜன்னல் ஜன்னலாக இறங்கி, சக்கரத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக மின்னியது. அவள் பிடித்த துணி ஆட ஆட அந்த வெளிச்சமும் குலுங்கியது, உள்ளே பெண்கள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள். அவள் கயிற்றைக் கட்டாமல், டேனியலுக்குத் தெரியட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.