பதினெட்டுக் கிலோச் சீட்டு

தோள்பட்டையில் அறுவை சிகிச்சை முடிந்த ஐந்தாவது மாதத்திலிருந்து, சலவைக் கூடத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட பெண்ணின் வலது கை, தப்பான எடை எழுதிய எந்தப் பொருளையும் தூக்கவில்லை. சரியான எடை எழுதியிருந்தால் நாற்பது கிலோவையும் தூக்கியது. இது தொடங்கியது ஒரு திங்கட்கிழமை, முதல் ஷிப்டில். அன்று மூன்றாம் நம்பர் மெஷினில் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டது. பதிவேட்டில் குழாயைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறது.

அந்தக் கூடத்துக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்பெல்லாம் துவைக்க வரும். வந்ததும் மூட்டையை எடை போட்டு, ஒரு சீட்டில் எழுதிக் கட்டுவார்கள். துவைத்து முடிந்த ஈர மூட்டைக்கும் அதே சீட்டுதான். சீட்டில் பதினெட்டு, தோளில் முப்பத்தொன்று. தள்ளுவண்டிக்கு ஒரு சக்கரம் போய் நாலு வருஷமாகியிருந்தது. மெஷினிலிருந்து உலர்த்தும் அறைக்கு மூட்டைகளைப் பெண்கள்தான் தூக்கினார்கள். அக்கா பத்தொன்பது வருஷம் தூக்கினாள். ஒரு நாள் மேல்தட்டுக்கு வீசும்போது தோளுக்குள் பழைய துணி கிழிகிற சத்தம் கேட்டது. அன்றைக்குச் சாயங்காலம் அவளால் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. வயசுத் தேய்மானம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. சூப்பர்வைசர் சீட்டைக் கொண்டுவந்து அவள் மூக்குக்கு நேரே ஆட்டினார். "பதினெட்டுக் கிலோவுக்கெல்லாம் யாருக்கும் தோள் அறுந்து போகாதும்மா." எழுதினதும் அவர்தான், அதையே சாட்சிக்குக் கூப்பிட்டதும் அவர்தான்.

அவள் துவைத்த விரிப்புகள் போட்ட அதே ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்க வைத்தார்கள். தசைநார் எலும்பைவிட்டு அறுந்து உள்ளே சுருங்கிக் கிடக்கிறது, எலும்பில் பட்டாணி அளவு திருகுகள் நாலு இறக்கி, ஒவ்வொன்றின் வாலிலும் இருக்கும் நூலால் நாரை இழுத்துக் கட்டிவிடுவேன் என்று எலும்பு டாக்டர் படம் வரைந்து காட்டினார். அதற்கு ஆங்கர் என்று பெயராம். ஒவ்வொரு ஆங்கரின் பெட்டியிலிருந்தும் ஒரு ஸ்டிக்கரை உரித்து அவளுடைய ஃபைலில் ஒட்டினார்கள். மகள் அதை எண்ணினாள். அந்தக் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள்தான், எந்தக் காகிதத்தையும் சும்மா நம்ப மாட்டாள். ஸ்டிக்கர் நாலு, எக்ஸ்ரேயில் தெரிந்த திருகு மூணு. "நாலாவது யார் தோள்ல இருக்கு, டாக்டர்?" என்று கேட்டாள். அது உலோகம் இல்லை, எக்ஸ்ரேயில் தெரியாது என்றார் அவர். மகள் நம்பவில்லை. அக்காவும்தான் நம்பவில்லை. ஆனால் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் தூளியில் போட்டுக்கொண்டு யாரோடு சண்டைக்குப் போவது?

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பதினெட்டு என்று எழுதிய ஈர மூட்டையைப் பிடித்ததும் கை நனைந்த விரிப்பு மாதிரித் தொங்கிவிட்டது. வலி இல்லை. விரல்கள் அசைந்தன. கைக்குத்தான் மனசில்லை. சூப்பர்வைசர் நடிப்பு என்றார். வீட்டில் அதே கை குடத்தைத் தூக்குவதைப் பார்த்த புருஷன், வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு மாதிரிச் சிரித்தான். கூட வேலை செய்த பெண்கள், ஆறாம் மாதம் கடைசியில் கம்பெனி டாக்டர் வந்து பார்ப்பார், தகுதி இல்லை என்று எழுதினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று அவள் காதுபடப் பேசினார்கள். ஐம்பத்தொரு வயசில், தைத்த தோளோடு, வேறெங்கே சேர்த்துக்கொள்வார்கள்? பயத்தில் நாமேதான் நடிக்கிறோமோ என்று அக்காவுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. தூக்கும்போது மெஷினின் கண்ணாடிக் கதவில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள், எங்காவது கள்ளம் தெரிகிறதா என்று.

விஷயத்தைக் கண்டுபிடித்தது மகள். மளிகைக் கடையிலிருந்து வந்த, ஐந்து கிலோ என்று எழுதிய சர்க்கரைப் பையை அம்மாவின் வலது கை மேஜையைவிட்டு எழுப்பவே இல்லை. பக்கத்துத் தெரு மருந்துக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் நாலே முக்கால். மகள் அட்டையில் நாலே முக்கால் என்று எழுதி ஒட்டினாள். கை சடாரென்று எழும்பி அலமாரியின் மேல்தட்டில் கொண்டுபோய் வைத்தது. அன்று வீட்டில் இருந்த டப்பாக்கள் அத்தனையையும் இருவரும் சோதித்தார்கள், ஒன்பதில் நாலு பொய். மளிகைக் கடைக்காரர் அதற்கப்புறம் அக்காவைக் கண்டால் சாமானைப் புருஷன் கையில்தான் கொடுப்பார்.

கம்பெனி டாக்டர் வந்தார். ஊசியால் குத்திப் பார்த்தார், சுத்தியால் தட்டிப் பார்த்தார், குறை ஒன்றுமில்லை. பிறகு பதினெட்டு எழுதிய மூட்டையைத் தூக்கச் சொன்னார். கை தொங்கியது. சூப்பர்வைசர் 'நான் சொல்லவில்லையா' என்கிற மாதிரி நின்றார். பேனா டாக்டர் கையில் இருந்தது, தகுதி இல்லை என்கிற கட்டத்துக்கு நேர் மேலே. அக்கா பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கூடத்தில் குரல் உயர்த்திப் பேசியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"அந்தச் சீட்டைக் கிழிச்சிட்டு, எடை போட்டு எழுதச் சொல்லுங்க சார்."

ஈர மூட்டையை எதற்கு எடை போடுவது, அப்படி வழக்கமே இல்லை என்று சூப்பர்வைசர் இழுத்தார். டாக்டருக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது. தராசின்மேல் குவித்திருந்த சோப்புத்தூள் சாக்குகளை இறக்கி மூட்டையை வைத்தார்கள். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் புதுச் சீட்டில் முப்பத்தொன்று என்று எழுதினார். கை எழவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"புள்ளி நாலு," என்றாள் அக்கா.

டாக்டர் குனிந்து முள்ளைப் பார்த்தார். முப்பத்தொன்று புள்ளி நாலு. சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு புள்ளியும் நாலும் சேர்த்தார். நாலின் கடைசிக் கோடு முடிவதற்குள் கை எழுந்து, மூட்டையை மேல்தட்டுக்குக் கொண்டுபோய், ஓசையில்லாமல் வைத்தது. டாக்டர் வெகுநேரம் யோசித்து, 'கை நலம், மூட்டைகளில் குறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு கம்பெனி திருந்திவிடவில்லை. சீட்டே வேண்டாம் என்று எல்லாவற்றையும் கழற்றினார்கள். சீட்டில்லாத மூட்டை எத்தனை கிலோவென்று எங்களுக்குத் தெரியாது என்று பெண்கள் தொட மறுத்தார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வெறும் மெத்தையில் படுத்தார்கள். மூன்றாம் நாள் ஈர எடை எழுதிய சீட்டு வந்தது. முப்பதுக்கு மேல் எழுதிய சீட்டைப் பார்க்கப் பார்க்க, எழுதுகிறவர்களுக்கே கூச்சமாகிவிட்டதோ என்னமோ, மூட்டைகள் பாதியாகச் சிறுத்தன. அடுத்த மூன்று வருஷத்தில் பழைய சுமையால் தோள் அறுந்த இன்னும் இரண்டு பேர் அதே எலும்பு டாக்டரிடம் ஆங்கர் வைத்துக்கொண்டு வந்தார்கள், அவர்கள் கையும் அப்படியே ஆகியிருந்தது. எக்ஸ்ரேயில் தெரியாத அந்த நாலாவதுதான் காரணம் என்று பெண்கள் முடிவுகட்டினார்கள். பிற்பாடு சூப்பர்வைசருக்கும் தோள் அறுந்தது, குளியலறையில் வழுக்கி. எக்ஸ்ரேயில் தெரியாதது எதையும் உள்ளே வைக்கக் கூடாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஆபரேஷனே வேண்டாமென்று கையைத் தொங்கவிட்டபடியே ஓய்வு பெற்றார்.

அக்கா அங்கேதான் வேலை செய்கிறாள். இப்போதும் மூட்டையைத் தொடுவதற்கு முன் சீட்டைப் படிப்பாள், அப்புறம் அதை எழுதினவன் முகத்தைப் படிப்பாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்வார்கள்: குடிதண்ணீர் மாடிப்படிக்குக் கீழே, செருப்பு வெளியே, அக்கா கை எழவில்லையென்றால் நீயும் தூக்காதே.