சின்னதுரை இடம் பிடித்த சுவர்

1.

இந்தக் கதை அரியலூர் பஸ்ஸின் ஜன்னலில் கிடைத்தது. வெள்ளையடித்த ஒரு சுவர், மூலையில் ஒரு பெயர், "2006 வரை". (சுவர் எழுதுகிறவர்கள் இடம் பிடிக்கும் முறை அது. பெயர் விழுந்த சுவரில் வேறு எவனும் கை வைக்க மாட்டான்.)

2.

சின்னதுரை ஒரு மகத்தான — அடித்துவிட்டேன். சின்னதுரை பெரம்பலூரில் சுவர் எழுதிப் பிழைக்கிறவன். ஊரான் முகத்தையெல்லாம் வரைந்தவன், பெண்டாட்டி முகத்தை வரைந்ததில்லை. அம்சவள்ளி ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கிறவள். "செத்தப்புறம் போட்டோவுக்கு மாலை போடுவ. உசுரோட இருக்கயில ஒரு செவுத்துல போடேன்யா" என்று கேட்டிருந்தாள்.

3.

பெரம்பலூர் அருங்காட்சியகத்தில் தெரு ஓவியக் கண்காட்சி. (அப்படியோர் அருங்காட்சியகம் கிடையாது, நான் கட்டியது. இந்தப் பக்கம் சிமென்ட்டுக்கா பஞ்சம்?) ஒரு முழுச் சுவரைக் கொடுத்து, "உங்க இஷ்டத்துக்கு வரைங்க" என்றார்கள். அவனிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. அம்சவள்ளியிடம் "உன்னையத்தான் போடப்போறேன்" என்று சொல்லிவிட்டு வந்து வெள்ளையடித்தான். மூலையில் "முன்பதிவு – சின்னதுரை" என்று எழுதினான். பூட்டிய அறைக்குள் எவன் வந்து இடம் பிடிப்பான் என்று கேட்பீர்கள். பழகிய கை கேட்கவில்லை. சுவர் காயட்டும் என்று பெயின்ட் வாங்கத் திருச்சிக்குப் போனான். அதற்குள் பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, "வெறுமையை இத்தனை துணிச்சலாக —"

(இதை முடிக்க என்னால் ஆகவில்லை.) முன்னால் கயிறு கட்டிவிட்டார்கள். அவனையும் தொட விடவில்லை. வீட்டில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

4.

ஞாயிற்றுக்கிழமை அம்சவள்ளி கல்யாணப் புடவையில் வந்தாள். கூட நாத்தனார் வேம்பு.

வேம்பு சுவரை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணன் உன்னைய வேல முடிஞ்சு வர்றாப்புல அப்படியே போட்டுருக்கு அண்ணி. ஒரே சுண்ணாம்பு. மூக்கு முழிகூடத் தெரியல."

அம்சவள்ளி சிரிக்கவில்லை. பெயின்ட் டப்பாவோடு கயிற்றோரம் நின்ற சின்னதுரையைப் பார்த்தாள். "இங்கயும் எடம்தான் புடிச்சியா?"

"காய விட்டுட்டுப் போனேன் புள்ள. அதுக்குள்ள படம் முடிஞ்சிருச்சுங்கிறாங்க."

5.

முடிவு ஒன்று: அவன் கயிற்றைத் தாண்டி வரைகிறான். (எழுதிப் பார்த்தேன். சின்னதுரை அப்படிப்பட்ட ஆள் இல்லை.)

முடிவு இரண்டு: வேறு சுவரில் வரைகிறான். (அடுத்த வருஷம் தேர்தல். ஒரு சுவரும் காலியில்லை.)

இதை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்சவள்ளி புடவையைத் தூக்கிச் செருகிக் கயிற்றைத் தாண்டினாள். சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"இப்பப் பாருடி, மூக்கு முழி தெரியுதா?"

"யம்மா, வெளிய வாங்க" என்று காவலாளி ஓடிவந்தார்.

"முன்பதிவுன்னு போட்டிருக்குல்ல சார்? எனக்குத்தான்."

காவலாளி அதிகாரியைக் கூப்பிடப் போயிருக்கிறார். வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. அம்சவள்ளி நகரவில்லை. சின்னதுரை பெயின்ட் டப்பாவின் மூடியைத் திறந்துகொண்டிருக்கிறான். அதிகாரி என்ன சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. கீழே வெள்ளையடித்து வைத்திருக்கிறேன்.

[முன்பதிவு – வாசகர்]