கூட்டாமல் குறைக்காமல் ஒரு மோட்டார் சைக்கிள்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். வண்டி கரும்பச்சை என்று என் மனத்தில் பதிந்திருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களில் இருவர் கறுப்பு என்று அடித்துச் சொல்கிறார்கள். மூன்றாமவரைக் கேட்டால் பதில் சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் பார்க்கிறார். அந்த மௌனத்தையும் ஒரு நிறமாகவே நான் எடுத்துக்கொண்டேன். அன்று மழை பெய்ததா என்பதும் தெரியவில்லை. ஆனால் ஹெல்மெட் விஷயம் உண்மை. அதை இன்றுவரை யாரும் மறுக்கவில்லை.

தேவானந்தனுக்கு ஜோகூர் பாரு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தமிழில் வருவதை மலாயிலும், மலாயில் வருவதைத் தமிழிலும் சொல்ல வேண்டும். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஏறிய வேலை. சாட்சி "நான் அடிச்சேன்" என்றால் இவரும் "நான் அடித்தேன்" என்றே சொல்லியாக வேண்டும். 'அடித்ததாகச் சொல்கிறார்' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அந்தக் கணக்கில், இருபத்து மூன்று வருடங்களில் தேவானந்தன் எத்தனையோ பேரின் மண்டையை உடைத்திருந்தார், ஏழு லாரிகள் திருடியிருந்தார், ஒரு தடவை சொந்த மைத்துனன் வீட்டுக் கூரையைப் பிரித்து உள்ளே இறங்கியிருந்தார்.

பகலெல்லாம் மற்றவர் வாக்கியங்களைச் சுமந்தவருக்கு, வீடு திரும்பும்போது சொந்தமாக ஒரு வாக்கியமும் மிஞ்சுவதில்லை. சாப்பிடுகிறீர்களா என்றால் தலையாட்டுவார். என்ன வேண்டும் என்றால் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் யோசித்து முடிப்பதற்குள் மனைவி பிரேமளா பரிமாறி, தானும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவியிருப்பாள்.

அப்படிப்பட்டவர் நாற்பத்தேழாம் வயதில் ஒரு நாள், யாரும் கேட்காமலே வாய் திறந்தார்.

"எனக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வேணும்."

பிரேமளா சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் மருந்தாளர். மோட்டார் சைக்கிளில் போய் எலும்பை முறித்துக்கொண்டவர்களுக்கு வலி மாத்திரை எடுத்துத் தருவது அவள் அன்றாட வேலை. அவள் ஒரே ஒரு சட்டம் போட்டாள். தான் வாயைத் திறந்து சரி என்று சொல்லாமல் ஒரு நட்டுகூட வீட்டு வாசலுக்கு வரக்கூடாது. தேவானந்தன் தலையாட்டினார். அதன் பிறகு ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, குறுகிய பலகைமேல் ஓட்டும் சோதனையில் இரண்டு தடவை பலகையைவிட்டு இறங்கி, மூன்றாம் தடவை தேர்ச்சி பெற்று, உரிமத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

விளம்பரம் கண்ணில் பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. ஐம்பத்தேழாம் வருடத்து ஆங்கிலேய வண்டி, இருநூற்று ஐம்பது சிசி, இடம் மாசாய். சனிக்கிழமை மதியம் அவர் இணையத்திலிருந்து அச்சடித்த முப்பத்தோரு கேள்விகள் கொண்ட தாளோடும் புது ஹெல்மெட்டோடும் போய் இறங்கினார்.

வண்டிக்காரர் அய்யூப். பக்கத்துக் கடைவரிசையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். வாசலில் வண்டி நின்றது. எஞ்சினுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின். அதில் நிமிடத்துக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விழுந்துகொண்டிருந்தது.

"ஒழுகுதே பாய்?" இது பதினேழாம் கேள்வி.

"ஒழுகுதா? அழுவுது சார். யாரோ வாங்க வந்திருக்காங்கன்னு அதுக்குத் தெரியும்" என்றார் அய்யூப்.

விற்பவர் பேசும் பேச்சாக அது தேவானந்தனுக்குத் தோன்றவில்லை. காரணம் பிறகு தெரிந்தது. விளம்பரம் போட்டது அய்யூபின் மனைவி ரசியா. ஆட்கள் போன் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அய்யூபுக்கே விஷயம் தெரியும். நாலு மணிக்கு மூவாரிலிருந்து ஒருவர் வண்டியை வாங்கிப்போக லாரியோடு வருகிறார். அதையும் ஏற்பாடு செய்தது ரசியாதான்.

"ஸ்டார்ட் ஆவாது சார். சும்மா காலை வலிச்சுக்காதீங்க" என்றார் அய்யூப்.

தேவானந்தன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அதன் பட்டையில் இரண்டு வளையங்கள் இருந்தன. எதற்குள் எதை விடுவது என்று புரியாததால் வேட்டி முடிச்சாக ஒன்று போட்டு, சந்தேகத்துக்கு அதன்மேல் இன்னொன்றும் போட்டார். பிறகு உதைத்தார். ஆறு தடவை ஒன்றுமில்லை. ஏழாவது உதைக்கு வண்டி இருமி, செருமி, தடதடவென்று பேச ஆரம்பித்தது. அய்யூபின் முகம் விழுந்துவிட்டது. வண்டிமேல் இருந்தவரின் முகமோ எனக்குச் சொல்லத் தெரியாத ஒன்றாக மாறியது. யாருடைய வாக்கியமும் இல்லாத ஒரு சத்தம் அவருக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அப்போது தீர்மானித்துவிட்டார், இதுதான் என்று.

எஞ்சினை அணைத்ததும் போன் அடித்தது. பிரேமளா. சிங்கப்பூரிலிருந்து திரும்பும் பேருந்து பாலத்தின் நடுவே நெரிசலில் நின்றுவிட்டிருந்தது.

ஊரில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் சிக்னலில் நின்றபடி போனை ஹெல்மெட்டுக்குள் செருகிப் பேசுவதைத் தேவானந்தன் பல தடவை பார்த்திருக்கிறார். தானும் செருகினார். புது ஹெல்மெட், புதுப் பஞ்சு. போன் காதோடு போய் இறுகிக்கொண்டது.

"எங்க இருக்கீங்க? யாரோ கத்துறாங்க?"

"மாசாய்ல. வண்டி பாக்க வந்தேன்."

"நான் வராம வாங்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"நாலு மணிக்கு மூவார்லேர்ந்து லாரி வருது."

"நான் நாலு மணிக்கும் இந்தப் பாலத்துலதான் இருப்பேன்!"

"வீட்டு அம்மாவா? குடுங்க சார் போனை, நானே பேசறேன்" என்று அய்யூப் கையை நீட்டினார். தேவானந்தன் விரலை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தார். போன் வரவில்லை. ஹெல்மெட்டையே கழற்றப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லை. அய்யூபும் ஒரு பக்கம் பிடித்து இழுத்தார். கழுத்துதான் நீண்டது.

"என்ன நடக்குது அங்க?" என்றாள் பிரேமளா.

"யாரு லைன்ல? வூட்டுக்காரம்மாவா?" என்றபடி கையில் கரண்டியோடு ரசியா வெளியே வந்தாள்.

காதுக்குள் ஒரு குரல், எதிரில் ஒரு குரல். இரண்டு குரல்களுக்கு நடுவே நிற்க நேர்ந்தால் தேவானந்தனுக்குள் ஏதோ ஒன்று தானாக எழுந்து நின்றுவிடும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது.

"அவங்ககிட்ட சொல்லுங்க, அந்தப் பழைய இரும்ப நான் வாசல்ல ஏத்த மாட்டேன்னு" என்றாள் பிரேமளா.

"அந்தப் பழைய இரும்பை நான் வாசலில் ஏற்ற மாட்டேன்" என்றார் தேவானந்தன் நீதிமன்றக் குரலில்.

அய்யூபுக்கு உயிர் வந்தது. "நல்லது சார்! அப்ப ஏன் இவ்ளோ தூரம் வந்தீங்க? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"அப்ப ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள்? தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்."

"நான் எங்க வந்தேன்? நான் பஸ்ஸுல இருக்கேன்!"

"நான் பஸ்ஸில் இருக்கிறேன்" என்றார் அய்யூபிடம்.

அய்யூப் ஒரு அடி பின்வாங்கினார். "அலமாக். ரசியா, இவருக்கு ஏதோ ஏறிடிச்சு."

ரசியாவுக்குத்தான் முதலில் பிடிபட்டது. அவளுடைய தம்பி ஒருவன் ஒரு வழக்கில் மாட்டி, நீதிமன்றத்துக்கு நாலைந்து தடவை அவள் போய் வந்திருக்கிறாள். "நீங்க சும்மா இருங்க. இவரு கோர்ட்டுல நிக்கிறவரு. இப்படித்தான் பேசுவாங்க" என்று புருஷனை அதட்டிவிட்டு, ஹெல்மெட்டைப் பார்த்துப் பேசினாள். "தங்கச்சி, நான் ரசியா. வாங்கிட்டுப் போவச் சொல்லுமா. பதினெட்டு வருஷமா இது என் வாசல்ல நிக்குது. இந்த மனுஷன் என்னைப் பார்த்ததைவிட இதைத் தொடைச்சதுதான் ஜாஸ்தி."

"இந்த மனுஷன் என்னைப் பார்த்ததைவிட இதைத் துடைத்ததுதான் அதிகம்" என்றார் தேவானந்தன் போனுக்குள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

பாலத்திலிருந்து பதில் வந்தது.

"அக்கா, என் மனுஷன் ஒண்ணையும் தொடைக்கவும் மாட்டாரு, பேசவும் மாட்டாரு. உங்களுது பரவால்ல."

அதையும் சொன்னார். சொல்லும்போது அந்த மனுஷன் யார் என்பது அவருக்கு உறைக்கவில்லை. வேலையில் இருக்கும்போது அப்படித்தான்.

பெண்கள் இருவரும் பிடித்துக்கொண்டார்கள். பாதி வெந்த மீன் கறியை அணைத்துவிட்டு ரசியா வாசல்படியில் உட்கார்ந்தாள். சமையல், முழங்கால் வலி, சிங்கப்பூர் சம்பளம், அய்யூபின் குறட்டை, தேவானந்தன் குறட்டைகூட விடாதது எல்லாம் ஒரே தலைக்குள் காதால் புகுந்து வாயால் வெளியே வந்தன. நடுநடுவே அய்யூப், "சார், எனக்கும் ஒரு வாய்தா குடுங்க" என்று கெஞ்சிப் பார்த்தார். வாய்தா கொடுக்கும் அதிகாரம் மொழிபெயர்ப்பாளருக்குக் கிடையாது.

பேச்சு சுற்றி வந்ததில் பிரேமளாவே விலைக்கு வந்தாள். "என்ன விலை சொல்றாங்க? ஏழாயிரம் வரைக்கும் போலாம். ஆனா அவங்ககிட்ட அஞ்சுன்னு சொல்லுங்க."

"ஏழாயிரம் வரைக்கும் போகலாம். ஆனால் அவர்களிடம் ஐந்து என்று சொல்லுங்கள்."

ரசியா விழுந்து விழுந்து சிரித்தாள். "அஞ்சரைக்கே குடுத்துடறேன் தங்கச்சி. இப்படி ஒரு ஆளை வச்சிக்கிட்டு நீ எப்படிமா மீன் வாங்குற?"

பிரேமளாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தேவானந்தன் காதுக்குள் கேட்டார். 'சரி' என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. அந்த ஒரு வார்த்தை போதும்.

"கடைசியா ஒண்ணு அக்கா. உண்மையைச் சொல்லுங்க. அண்ணன் அதுல விழுந்திருக்காரா?"

தேவானந்தன் அதை அப்படியே ரசியாவிடம் கேட்டார். ரசியா யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"மூணு தடவை! இதுல கியர் வலது கால்ல, பிரேக்கு இடது கால்ல. எல்லா வண்டிக்கும் நேர் மாறு. பிரேக்குன்னு நினைச்சு கியரை மாத்திட்டு, போன வருஷம் பண்டான் சிக்னல்ல நேரா சாக்கடைக்குள்ள போனாரு. தோள்ல பிளேட் வச்சிருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று புரிந்து, கரண்டியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இனி தேவானந்தன் முறை. அவர் சொல்லவில்லை. பிஸ்கட் டின்னில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. எத்தனையோ மௌனங்களை நான் மதித்திருக்கிறேன். புத்தகங்களில் அவற்றுக்குக் கீழே கோடும் போட்டிருக்கிறேன். ஹெல்மெட்டுக்குள் நிகழ்ந்த மௌனம் அது ஒன்றுதான்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் பிரேமளா.

"இல்லை," என்றார் தேவானந்தன். பிறகு, குறைத்தது போதாதென்று கூட்டவும் செய்தார். "விழுந்ததே இல்லை. பூ மாதிரி வண்டி."

அய்யூப் துள்ளி எழுந்தார். "பொய்! சார் பொய் சொல்றாரும்மா! மூணு தடவை விழுந்தேன்!" என்று கத்தியபடி ஹெல்மெட்டின் வாய்ப்பக்கம் தன் வாயைக் கொண்டுவந்தார். தேவானந்தன் சட்டென்று முகக் கண்ணாடியை இறக்கினார். அய்யூப் தூக்கினார். இவர் இறக்கினார். வண்டியைச் சுற்றி இரண்டு சுற்று ஓடினார்கள். "பிளேட்டு! பிளேட்டு!" என்று தோளைத் தட்டிக் காட்டினார் அய்யூப், போனுக்குக் கண் இருப்பதுபோல. பிஸ்கட் டின் கவிழ்ந்தது. ரசியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நில்லுங்க," என்றது காதுக்குள் குரல்.

தேவானந்தன் நின்றார்.

"எனக்கு எல்லாம் கேட்டுது. முதல்லேர்ந்தே கேக்குது. அந்த அக்கா பேசறது, பாய் பேசறது எல்லாம். நீங்க எதுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்றீங்கன்னு பக்கத்து சீட்டு ஆன்ட்டிகூடக் கேட்டாங்க."

தேவானந்தன் குனிந்து, கவிழ்ந்த டின்னை நிமிர்த்தி வைத்தார்.

"இருபத்து மூணு வருஷம். ஒரு கமா விட்டது இல்ல. எங்கப்பா உங்களப் பத்திச் சொன்னதைக்கூட அப்படியே எங்கிட்ட ஒப்பிச்சீங்க. இப்ப பொய் சொல்றீங்க. அதுவும் எங்கிட்ட."

"ஆமா."

"அவ்ளோ வேணுமா அது?"

அய்யூப் முகக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே வியர்த்து வழிந்தபடி ஒரு முகம். வழக்கமாக இப்படி ஒரு கேள்விக்கு அந்த முகத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கும்.

"வேணும்," என்றார் தேவானந்தன். அது அவருடைய சொந்தக் குரல்.

பேருந்து இரண்டடி நகர்ந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"சரி. அப்ப வாங்குங்க," என்றாள் பிரேமளா.

"சரி. அப்ப வாங்குங்க," என்றார் அவர் அய்யூபிடம், பழக்கத்தில்.

"நான் ஏன் சார் வாங்கணும்?" அய்யூப் அழுதேவிட்டார். "அது என் வண்டிதானே!"

கடைசியில் ரசியா இறைச்சிக் கத்தரியைக் கொண்டுவந்து பட்டையை வெட்டி, ஹெல்மெட்டை அவர் தலையிலிருந்து பிடுங்கி எடுத்தாள். போன் தானாகக் கீழே விழுந்தது. அவர் காது சிவந்து, பெருமாள் கோயில் லட்டு அளவுக்கு வீங்கியிருந்தது.

மூவார்க்காரர் சொன்னபடி நாலு மணிக்கு லாரியோடு வந்து, மீன் கறிச் சோறு சாப்பிட்டுவிட்டு வெறும் லாரியோடு திரும்பினார். திங்கட்கிழமை உரிமைப் பத்திரம் பெயர் மாறியது. முதல் வருடத்தில் தேவானந்தன் இரண்டு தடவை விழுந்தார். ஒன்றில் மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் விடுப்பில் இருந்தார். வண்டி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, வேலையும்தான். பிரேமளா இன்றும் சிங்கப்பூருக்குப் போய் வருகிறாள். வண்டியில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அய்யூப் ஞாயிற்றுக்கிழமைகளில் தம்போயிலுள்ள தேவானந்தன் வீட்டுக்கு வந்து வண்டியைத் துடைத்துவிட்டுப் போவார். போன வருடம் கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். ரசியா வாசலில் இரண்டு மேசை போட்டுக் காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கிறாள். வியாபாரம் பரவாயில்லை.